சுஷிக்கான உனி: மஞ்சளா ஆரஞ்சா என்று பார்த்துப் புதுசா பழசா என்று சொல்ல முடியுமா?

அலைவாய்:
உனி என்பது சுஷியின் மேல் வைக்கும் கடல் முள்ளெலி மடல்; முள்ளெலி என்பது முள் போர்த்த உருண்டை ஓட்டுக் கடலுயிரி. சுஷி பேச்சு எங்கே வந்தாலும் கூடவே ஒரு வாக்கியமும் வந்துவிடுகிறது: "உனி நல்ல ஆரஞ்சாக இருந்தால் புதுசு, வெளுத்த மஞ்சளாக இருந்தால் பழசு." இதை நம்பி நல்ல பெட்டியை ஒதுக்கிவிட்டுச் சுமாரான பெட்டிக்கு அதிக விலை கொடுப்பவர்கள் ஏராளம். அதனால்தான் இந்த இழை.

முதலில் எதைச் சாப்பிடுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். கடல் முள்ளெலியின் ஓட்டுக்குள் ஐந்து மடல்கள் இருக்கும். பலர் நினைப்பது போல அது முட்டை அல்ல, இனப்பெருக்க உறுப்பு. ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு, தட்டில் இரண்டும் கலந்தே வரும். முட்டையும் விந்தும் உருவாகும் முன் அந்த மடல் முழுக்க ஊட்டச் செல்கள் நிறைந்திருக்கும். கிளைகோஜனையும் புரதத்தையும் அங்கேதான் அது சேர்த்து வைக்கிறது. நாம் ருசிப்பது அந்தச் சேமிப்பை.

நிறம் முதலில் சொல்வது இனத்தை. ஜப்பானின் வட தீவான ஹொக்கைடோவிலிருந்து வருவதில் முக்கியமானவை இரண்டு: எஸோ பஃபுன், கிட்டா முராசாகி. பஃபுன் என்றால் குதிரைச் சாணம். முள் குட்டையான உருண்டை ஓட்டைப் பார்த்து வைத்த பெயர். முராசாகி என்றால் ஊதா; அதுவும் வெளித்தோற்றத்தின் நிறம்தான். உள்ளே பஃபுன் மடல் அடர் ஆரஞ்சு, கிட்டா முராசாகி மடல் வெளிர் மஞ்சள். ஹொக்கைடோக்காரர்கள் முன்னதைச் சிவப்பு என்ற பொருளில் 'அகா' என்றும், பின்னதை வெள்ளை என்ற பொருளில் 'ஷிரோ' என்றும் சொல்வார்கள். இன்று காலையில் உடைத்த முராசாகிகூட நாலு நாள் ஆன பஃபுனுக்குப் பக்கத்தில் வைத்தால் வெளுத்துத்தான் தெரியும்.

உப்புக்காற்று:
இனம் மட்டும் இல்லைங்க, தீனியும் இருக்கு. அந்த ஆரஞ்சுக்குக் காரணம் கரோட்டினாய்டு நிறமிகள். கடற்பாசியில இருக்கிற பீட்டா கரோட்டினை முள்ளெலி தின்னு, தன் உடம்புக்குள்ளேயே எக்கினெனோன்னு ஒரு நிறமியா மாத்திக்குது. முள்ளெலியும் சேர்ந்த முட்தோலிகளை வெச்சுத்தான் அந்த நிறமிக்கே அந்தப் பேர். கொம்பு, வாக்காமே மாதிரி பாசி நிறையக் கிடைச்ச முள்ளெலிக்கு மடல் பெருத்து நிறமும் தெளிவா வரும்.

பாசி அழிஞ்ச கடலடியில இருக்கிறது செத்துப் போயிடாது, வருஷக்கணக்கா பட்டினியா உயிரோட கிடக்கும். அதை உடைச்சா ஓட்டுக்குள்ள நூல் மாதிரி மெலிஞ்ச, பழுப்பேறின மடல் இருக்கும். சில நேரம் அதுவும் இருக்காது. ஜப்பான்ல இந்த நிலைக்கு 'இசோயாகே'ன்னு பேர். கலிபோர்னியாவோட வட கரையிலயும் இதேதான். 2013-ல முள்ளெலியைத் தின்னுற நட்சத்திர மீன்களுக்கு நோய், 2014-லிருந்து 2016 வரைக்கும் கடல் சூடு. அதுக்கப்புறம் ஊதா முள்ளெலி பெருகிப் பாசிக் காட்டுல பத்துல ஒன்பது பங்குக்கு மேல போயிடுச்சு. அங்கே முள்ளெலிக்குக் குறைவில்லை, சாப்பிடத்தான் ஒண்ணும் இல்லை.

இப்படிப்பட்டதைப் பிடிச்சுத் தொட்டியில வெச்சு ரெண்டு மூணு மாசம் தீனி போட்டா மடல் திரும்பத் தேறும். கனகாவா மாகாண மீன்வளத் தொழில்நுட்ப மையம் மியுரா பக்கத்து முராசாகிக்கு, விற்பனைக்கு ஆகாத முட்டைக்கோஸைப் போட்டே வளர்த்துக் காட்டியிருக்கு. கடல் வாடை குறைஞ்சு இனிப்புத் தூக்கலா வரும். அதனால பழுப்பா இருந்தா உடனே பழசுன்னு முடிவு கட்ட வேண்டாம். பிடிச்ச அன்னைக்கே பழுப்பா இருந்திருக்கலாம். அது புதுசா இருந்தும் மட்டமான உனி, அவ்வளவுதான்.

மீன்பலகை:
இருவரும் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இந்தக் குழப்பத்துக்கு வியாபாரத் தரப்பிரிப்பும் ஒரு காரணம். பெட்டிக்குத் தரம் போடும்போது நிறம், மடலின் முழுமை, அளவு, விறைப்பு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். ஒரே நிறத்தில் ஒரே அளவில் வரிசையாக அடுக்கிய பெட்டி முதல் தரம். நிறம் கலந்ததும் மடல் உடைந்ததும் அடுத்த தரம். தரம் உயர்ந்தது என்றால் புதுசு என்று வாங்குகிறவர் எடுத்துக்கொள்கிறார். ஒரே நாளில் ஒரே படகில் வந்தவை வேறு வேறு தரத்தில் விற்பதும் உண்டு.

புதுசா என்று அறிய நிறத்தை விட்டுவிட்டு மேற்பரப்பைப் பாருங்கள். வெள்ளை வெளிச்சத்தில் பெட்டியைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் மடலின் மேல் சின்னச் சின்ன மணிகள் தெரியும், நாக்கின் மேல்தோல் போல. புதிதாக இருக்கும்போது ஒவ்வொரு மணியும் தனித்தனியாக எண்ணலாம் போல நிற்கும். மடலின் ஓரம் கோடு கிழித்தது போல் இருக்கும். பழசாக ஆக மணிகளுக்கு இடையே உள்ள பள்ளம் நிரம்பி, மேற்பரப்பு வழவழவென்று ஒரே பூச்சாக மாறும். பிறகு ஓரம் கரைந்து பக்கத்து மடலோடு ஒட்டும். கடைசியில் மஞ்சள் கலந்த நீர் கசியும்.

இதில் பலர் ஏமாறுவது பளபளப்பில். மீனுக்குப் பளபளப்பு நல்ல அறிகுறி. உனிக்கு அப்படி இல்லை. ஈரப் பளபளப்பு பெரும்பாலும் செல் உடைந்து கசிந்த நீர். நல்ல மடலின் மேற்பரப்பு கொஞ்சம் மங்கலாக, பட்டுத்துணியைப் போலத்தான் இருக்கும்.

பெட்டியையும் பாருங்கள். மரப்பெட்டி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், அதற்காகவே மரம். உள் மூலையில் மரம் அடர் ஆரஞ்சாக ஊறிப்போயிருந்தால் உள்ளே நெடுநேரமாகக் கசிந்திருக்கிறது என்று பொருள். மேல் வரிசை எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழ் வரிசை கரைந்திருக்கும். பிளாஸ்டிக் தட்டு என்றால் நீர் அடியிலேயே தேங்கி நிற்கும். சாய்த்தாலே தெரிந்துவிடும்.

நெய்தல்மணி:
ஒரு சந்தேகம். சில பெட்டிகளில் மடல் ஒவ்வொன்றும் அச்சில் வார்த்தது போல விறைப்பாக நிற்கிறது, ஓரமும் கூர்மையாக இருக்கிறது. ஆனால் வாயில் வைத்தால் கடைசியில் ஒரு கசப்பு. மீன்பலகை சொன்ன அடையாளம் எல்லாம் பொருந்துகிறதே, பிறகு ஏன்?

மீன்பலகை:
படிகாரம். சவரம் செய்த பின் தேய்க்கிற, கலங்கிய நீரில் போடுகிற அதே படிகாரம்தான். உடைத்தெடுத்த மடலைப் படிகாரம் கலந்த உப்பு நீரில் கொஞ்ச நேரம் நனைத்தால், அதிலுள்ள அலுமினியம் மேற்பரப்புப் புரதத்தைப் பிடித்து இறுக்கும். மடல் கரையாது, வரிசையாக அடுக்கலாம், தூரத்துக்கு அனுப்பலாம். அடுக்கிய பெட்டிகளில் பெரும்பாலானவை இப்படி வந்தவைதான்.

நீங்கள் கசப்பு என்கிறீர்கள். அடுத்த முறை கவனித்துப் பாருங்கள், அது கசப்பா துவர்ப்பா? தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருப்பது இந்த இடத்தில் மிகவும் உதவும். படிகாரம் தருவது துவர்ப்பு. விழுங்கிய பின் நாக்கின் இரு பக்கமும் இழுத்துப் பிடித்தது போல் வறண்டுபோகும், வாழைப்பூவை மோர் நீரில் போடாமல் வாயில் வைத்தது போல. உண்மையான கசப்பு வேறு. அது வாயில் போட்ட சற்று நேரத்திலேயே அடிநாக்கில் ஏறும், வறட்சி இருக்காது.

அந்த உண்மையான கசப்புக்கு வேறு காரணமும் உண்டு. பஃபுன் என்று மட்டும் பெயர் கொண்ட தெற்கத்திய இனத்தில், முதிர்ந்த பெண் மடலில் புல்செரிமின் என்ற கசப்பு அமினோ அமிலம் சேரும். ஆண் மடலில் அந்தக் கசப்பு வராது. அது எவ்வளவு புதுசாக இருந்தாலும் கசக்கத்தான் செய்யும். எஸோ பஃபுன் வேறு இனம், இரண்டையும் குழப்ப வேண்டாம்.

உப்புக்காற்று:
என் கணக்குல படிகாரம் போட்டதைப் புதுசான்னு பார்க்கிற பேச்சே வேண்டாம். அது வயசை மறைக்கிற வேலை. மணி, ஓரம், விறைப்பு மூணுமே அதால கெட்டுப்போகாம நிக்குது, ருசி மட்டும் உள்ளுக்குள்ள போயிட்டே இருக்கு. உப்புநீர்ல மிதக்கவிட்டு வர்ற 'என்சுய்' உனிதான் நேர்மையானது. கடல்நீர் அளவு உப்பு, அதாவது 3 சதவீதத்துக்குச் சற்று மேல, வேற எதுவும் கிடையாது. அதுல பழசானா பழசுன்னு தெரிஞ்சிடும்: நீர் கலங்கும், மடல் ஓரம் நூல் நூலாப் பிரிஞ்சு மிதக்கும்.

அலைவாய்:
உப்புக்காற்று அண்ணே, அவ்வளவு தூரம் போக மாட்டேன். படிகாரத்தின் அளவு பதப்படுத்துகிற இடத்துக்கு இடம் மாறும். நல்ல கைக்காரர்கள் போட்டதில் துவர்ப்பு நாக்கில் படவே படாது. இன்னொன்று, சோற்றைச் சுற்றி நோரி என்ற காய்ந்த பாசித் தாளைச் சுவராகக் கட்டிய குங்கன் சுஷிக்கு மடல் கொஞ்சமாவது நிற்க வேண்டும். என்சுய் மடலை எடுத்து வைத்தால் பத்து நிமிடத்தில் நோரியின் ஓரம் நனைந்துவிடும். சோற்றுக் கிண்ணத்துக்கு என்சுய், குங்கனுக்கு அளவான படிகாரம் போட்ட பெட்டி என்று பிரித்துப் பயன்படுத்துவதில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஆனால் நீங்கள் சொன்ன அடிப்படை சரி. படிகாரம் பட்டதில் கண்ணை நம்ப முடியாது. அங்கே மூக்கும் நாக்கும்தான். புதிய உனியின் வாசனை நனைந்த கொம்புப் பாசி போல, லேசான இனிப்போடு இருக்கும். பழசானால் முதலில் அந்த இனிப்பு வாசனை போகும், பிறகு துருப்பிடித்த இரும்பு போல் ஒரு வாடை, அதற்கப்புறம் மூக்கைக் குத்தும் காரநெடி. இரண்டாவது கட்டத்திலேயே பச்சையாகச் சாப்பிடுவதை நிறுத்திவிட வேண்டும். பெட்டியைத் திறந்த முதல் நொடியில் முகர வேண்டும். ஒரு நிமிடம் கழித்து மூக்கு பழகிவிடும்.

நெய்தல்மணி:
துவர்ப்பு என்று நீங்கள் சொன்னதும் புரிந்துவிட்டது, அதேதான். இன்னொன்று: சில மடல்களில் பால் மாதிரி வெள்ளையாக வடிகிறது. அது கெட்டுப்போனதா?

அலைவாய்:
இல்லை, அது விந்து. முதிர்ந்த ஆண் மடலை லேசாக அழுத்தினால் பாலாகவும், முதிர்ந்த பெண் மடலை அழுத்தினால் நுண்ணிய மஞ்சள் ஆரஞ்சு மணிகளாகவும் வரும். அந்தப் பருவத்துக்குள் ஊட்டச் செல்களின் சேமிப்பு செலவாகிவிடும். கெடவில்லை, ஆனால் ருசி தளர்ந்து, மடல் எடுத்ததுமே கரையத் தொடங்கும். சந்தையில் 'மடல் கரைந்தது' என்று ஒதுக்குவதில் கணிசமான பங்கு பழசு இல்லை, பருவம் தவறியது.

அதனால்தான் மாதம் பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது. ஹொக்கைடோவின் ஷாகோடான் கரையில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை. ரிஷிரி, ரெபுன் தீவுகளிலும் கோடையே உச்சம். நெமுரோ பக்கம் கிழக்கு ஹொக்கைடோவில் குளிர்காலமும் வசந்தமும். கரைக்குக் கரை பருவம் மாறுவதால் டோக்கியோவின் தோயோசு சந்தையில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு நல்ல உனி இருந்துகொண்டே இருக்கும். 2021 இலையுதிர்காலத்தில் கிழக்கு ஹொக்கைடோவில் கடல்நீரைச் சிவப்பாக்கும் நுண்பாசிப் பெருக்கு வந்து முள்ளெலிகள் பெருமளவில் செத்தபோது, அந்தக் குளிர்கால வரத்துக்குப் பெரிய அடி.

மீன்பலகை:
பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இரண்டு தேதியைக் குழப்பக் கூடாது. பதப்படுத்திய தேதி என்பது ஓட்டை உடைத்த நாள், கடலில் பிடித்த நாள் அல்ல. ரஷ்யாவிலிருந்து முள்ளெலி உயிரோடு ஜப்பானுக்கு வந்து அங்கே உடைபடுவது சாதாரணம். பயணத்தில் பட்டினி கிடந்தது மடலில் தெரியும். அடுத்தது உட்பொருள் வரி. படிகாரம் என்றோ, அதன் வேதிப்பெயரான பொட்டாசியம் அலுமினியம் சல்பேட் என்றோ இருக்கும். சேர்மானம் இல்லை என்று எழுதியிருந்தால் அதற்கு ஆயுள் குறைவு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மூன்றாவது, பச்சையாக உண்ண ஏற்றது என்ற குறிப்பு. அது இல்லாத பெட்டியைச் சுஷிக்கு எடுக்கவே கூடாது.

அப்புறம் உறைந்த உனி. சிலியிலிருந்து வருவதில் பெரும்பகுதி லேசாக வெந்நீர் காட்டி உறைய வைத்தது. அதன் மங்கலான நிறமும் பொலபொலப்பும் பழசால் வந்தவை அல்ல. ஆனால் சுஷியின் மேல் வைக்க அது ஒத்துவராது. பாஸ்தா, சாஸ் போன்றவற்றுக்கு எடுத்துக்கொள்ளலாம். வெந்நீர் காட்டாமல் வீட்டில் உறைய வைத்தால் செல்லெல்லாம் உடைந்து, உருகும்போது கூழாகிவிடும்.

சிப்பிக்காடு:
ஓட்டோடு உயிரோடு வாங்கினால் இந்தச் சிக்கலில் பாதி இல்லை. முள் அசைய வேண்டும். கவிழ்த்து வாய்ப்பக்கத்தைத் தொட்டால் நடுவில் உள்ள ஐந்து பல்லும் மெல்ல அசையும். முள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து தொங்கினாலோ, தொட்டால் கையோடு உதிர்ந்தாலோ வேண்டாம். ஒரே அளவுள்ள இரண்டில் கனமானதை எடுங்கள் என்பார்கள். உள்ளே கடல்நீர் நிரம்பியிருந்தாலும் கனக்கும், அதனால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

உடைக்கும்போது வாயைச் சுற்றிக் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டி எடுத்து, உள்நீரைக் கொட்டிவிடுங்கள். கருத்த குடல் மடலோடு ஒட்டியிருக்கும், இடுக்கியால் முதலில் அதை எடுத்துவிட வேண்டும். குடல் உடைந்து மடலில் பட்டால் அந்தப் பாசிக் கவுச்சி போகவே போகாது. சின்னக் கரண்டியை ஓட்டின் சுவரை ஒட்டி இறக்கி மடலை முழுசாக நெம்பி எடுங்கள். அலச ஒரு லிட்டர் குளிர்ந்த நீருக்கு 30 முதல் 35 கிராம் உப்பு. வெறும் குழாய் நீர் வேண்டவே வேண்டாம். உப்பில்லாத நீர் செல்லுக்குள் புகுந்து அதை ஊதி உடைத்துவிடும். ஒரு நிமிடத்தில் மணியெல்லாம் மழுங்கி, நல்ல மடல் பழைய மடல் போல் ஆகிவிடும். ஐஸ் கட்டியை நேராக அந்த உப்பு நீரில் போடுவதும் இதே தப்புதான், உருக உருக உப்பின் அளவு குறையும். பாத்திரத்தை வெளியிலிருந்து ஐஸில் வையுங்கள்.

என்சுய் பெட்டி வாங்கினவர்களுக்கு: சல்லடையில் கொட்டி 10 முதல் 15 நிமிடம் குளிர்பெட்டியிலேயே வடியவிட்டு, பிறகு சமையல் காகிதத்தின் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். வடிந்தது போதாவிட்டால் உப்பு கரிக்கும், நோரியும் நனையும். வடிந்த பின் அன்றே சாப்பிட்டுவிட வேண்டும்.

நெய்தல்மணி:
குங்கன் செய்யும்போது என் கையில் மட்டும் உருகி வழிகிறது. பெட்டி நன்றாகத்தான் இருந்தது.

அலைவாய்:
சோற்றின் சூடாக இருக்கும். உள்ளங்கைச் சூட்டுக்கு மேல் போனால் உனி அடியிலிருந்து தளரும். உனியைக் கடைசி நொடியில் வெளியே எடுங்கள். ஒன்றுக்குச் சோறு 12 கிராம் அளவில் போதும், சோற்றுப் பிடியின் மேல் மீன் துண்டு வைக்கும் நிகிரியைவிடச் சிறிசு. நோரிப் பட்டை சோற்றைவிடச் சுமார் 1 செ.மீ. உயரமாக நின்று சுவராக வேண்டும். அதற்குள் 10 முதல் 15 கிராம் உனி. 100 கிராம் பெட்டியில் பத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். மடலை விரலால் அழுத்தாமல் கரண்டியிலிருந்து சரித்து விடுங்கள். உனி, மீன்முட்டை போல நிற்காத பொருளுக்காகவே வந்த வடிவம் இது. டோக்கியோ கின்சாவின் கியூபே கடையில் 1941-ல் தொடங்கியதாகச் சொல்வார்கள்.

கடையில் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று: மஞ்சள் விளக்கின் கீழ் எல்லா உனியும் ஆரஞ்சுதான். கருப்பு நோரி பக்கத்தில் இருப்பதும் நிறத்தைத் தூக்கிக் காட்டும். அங்கே நிறம் பார்த்துப் பயனில்லை. மேல் மணி தெரிகிறதா, நோரிச் சுவரை ஒட்டி மஞ்சள் நீர் கோடாக நிற்கிறதா, இந்த இரண்டும் போதும்.

உப்புக்காற்று:
வெயில் காலத்துல ஒரு விஷயம் விட்டுடக் கூடாது. கடல் உணவுல வர்ற விப்ரியோ கிருமி உப்பில்லாத நீர்ல தாங்காது, அதனாலதான் மீனைக் குழாய்த் தண்ணில கழுவச் சொல்றாங்க. உனியை அப்படிக் கழுவ முடியாது. குளிர்ச்சி ஒண்ணுதான் பாதுகாப்பு. ஜப்பான்ல பச்சையா விக்கிற கடல் உணவுக்கு 10 டிகிரிக்குக் கீழ வெச்சிருக்கணும், கிருமி கிராமுக்கு 100-ஐத் தாண்டக் கூடாதுன்னு விதியே இருக்கு. வீட்ல அதைவிடக் குளிரா, 0-விலிருந்து 2 டிகிரிக்குள்ள வையுங்க, ஆனா உறையக் கூடாது. கர்ப்பிணிங்க, கல்லீரல் கோளாறு இருக்கிறவங்க பச்சையாத் தொடாம இருக்கிறதுதான் நல்லது.

நெய்தல்மணி:
கடைசியாக ஒன்று. பெட்டியில் பாதி மீந்துவிட்டது, ஓரம் மட்டும் கரையத் தொடங்கியிருக்கிறது, வாசனை நன்றாகத்தான் இருக்கிறது. நாளைக்கு வைத்துச் சுஷி போடலாமா?

சிப்பிக்காடு:
வேண்டாம். இன்றைக்கே அடுப்பில் ஏற்றிவிடுங்கள். 50 கிராம் உனிக்கு 25 கிராம் வெண்ணெய், ஒரு தேக்கரண்டி சோயா சாஸ். வெண்ணெய் உருகியதும் அடுப்பை அணைத்துவிட்டு உனியைப் போட்டு மசித்து, சூடான நூடுல்ஸில் பிரட்டுங்கள். கொதிக்கவிட்டால் புரதம் திரிந்து மணல் மணலாகிவிடும்.